ஐந்து பவுண்டு அபராதம்

1919 மே மாதம். லண்டன் மேன்ஷன் ஹவுஸ் நீதிமன்றக் கூண்டில் 42 வயதுப் பெண் ஒருவர் நிற்கிறார். பெயர் எக்லன்டைன் ஜெப். டிரஃபால்கர் சதுக்கத்தில் துண்டறிக்கை கொடுத்தார் என்பது வழக்கு. தணிக்கை அதிகாரிகளின் அனுமதி இல்லாமல் அச்சடித்த அந்தத் தாளில், எலும்பும் தோலுமாய் ஓர் ஆஸ்திரியக் குழந்தை. இந்தப் பட்டினிக்கு நாம் போட்ட முற்றுகைதான் காரணம் என்றது கூடவே இருந்த வாசகம்.

எதிரி நாட்டுப் பிள்ளைக்காகச் சொந்த அரசாங்கத்தையே குற்றம் சொல்வதா? அதுதான் பலருடைய கோபம். 1918 நவம்பர் 11-ம் தேதியே முதல் உலகப் போரின் பீரங்கிகள் ஓய்ந்துவிட்டன. ஆனால், தோற்ற நாடுகள் சமாதான ஒப்பந்தத்துக்குப் பணியும்வரை பிடியை விட நேச நாடுகளுக்கு மனமில்லை. கடல் முற்றுகை மாதக்கணக்கில் நீண்டது. ஜெப்பின் தங்கை டோரதி பக்ஸ்டன், போர்க்காலத்திலேயே வெளிநாட்டுப் பத்திரிகைகளை வரவழைத்து, மொழிபெயர்த்து வெளியிட்டு வந்தவர். எதிரி நாடுகளின் பசி அக்கா, தங்கை இருவரையும் எட்டியது அந்தப் பக்கங்கள் வழியாகத்தான்.

ஜெப் தன் வழக்கில் தானே வாதாடினார். சட்டப்படி தப்ப வழியில்லை. அதனால் நியாயத்தைப் பேசினார். 5 பவுண்டு அபராதம் விதித்தார்கள். அரசுத் தரப்பில் வாதாடிய சர் ஆர்ச்சிபால்ட் பாட்கின், அந்த 5 பவுண்டைத் தன் பையிலிருந்து எடுத்து அவர் கையில் கொடுத்தார். ‘குழந்தைகளைக் காப்போம்’ நிதிக்கு வந்த முதல் நன்கொடை அதுதான் என்பார்கள். சில நாள்களில், மே 19 அன்று, ராயல் ஆல்பர்ட் ஹாலில் நடந்த பெருங்கூட்டத்தில் அந்த நிதி பகிரங்கமாகத் தொடங்கப்பட்டது.

ஜெப் குழந்தைகளைக் கண்டால் உருகிப்போகிறவர் அல்ல. மார்ல்பரோவில் கொஞ்ச காலம் பள்ளி ஆசிரியையாக இருந்து, ஒத்துவராமல் வெளியேறியவர். மணம் முடிக்கவில்லை, பிள்ளை இல்லை. பாசம் உள்ளவர் தன் வீட்டுப் பிள்ளைக்குச் சோறு போடுவார். முகம் தெரியாத பிள்ளைக்கும் பசிக்கிறதே என்று கேட்க, பாசம் போதாது. நியாய உணர்வு வேண்டும். 1921-ல் ரஷ்யாவின் வோல்கா கரையில் பஞ்சம் வந்தபோது, போல்ஷெவிக் நாட்டுக்கு உதவியா என்று லண்டனில் எதிர்ப்பு கிளம்பியது. நிதி அசரவில்லை. கப்பல் பிடித்து உணவு அனுப்பியது. சராடோவ் வட்டாரத்தில் சமையற்கூடங்களைத் திறந்தது.

ஆனால் கஞ்சி ஊற்றுவது ஊற்றுகிறவரின் மனசைப் பொறுத்தது. இன்று உண்டு, நாளை இல்லை. இதை மாற்ற, 1923-ல் ஜெப் ஐந்தே அம்சங்களில் ஒரு பிரகடனத்தை வகுத்தார். பசித்த பிள்ளைக்குச் சோறு, நோயுற்றதற்கு மருத்துவம், அநாதைக்குப் புகலிடம், சுரண்டலிலிருந்து காப்பு. ஆபத்து வந்தால் முதல் உதவி குழந்தைக்கே. இனம், தேசம், மதம் எதையும் பார்க்கக் கூடாது. 1924 செப்டம்பர் 26-ல் சர்வதேச சங்கம் இதை ஏற்றது. ஜெனீவா பிரகடனம் என்று பெயர்.

அதில் ஒரு குறையும் உண்டு. ஐந்து அம்சங்களும் பெரியவர்களின் கடமையைத்தான் சொல்கின்றன. குழந்தை வாங்கிக்கொள்கிறது, வாய் திறந்து கேட்கவில்லை. தன்னைப் பற்றிய முடிவில் தன் கருத்தைச் சொல்லும் உரிமை, 1989-ல் வந்த ஐ.நா. உடன்படிக்கையின் 12-வது பிரிவில்தான் இடம்பெற்றது. அதில் இந்தியா இணைந்தது 1992-ல்.

ஜெப் 1928 டிசம்பரில், 52 வயதில், ஜெனீவாவில் காலமானார். முற்றுகைக்குள் பிள்ளைகள் பசியில் கிடப்பது அவரோடு முடிந்துவிடவில்லை. அடுத்த முறை அப்படி ஒரு படம் கண்ணில் பட்டால், அது எந்த நாட்டுப் பிள்ளை என்று தேடுவதற்குமுன் அந்த 5 பவுண்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஜெனீவா பிரகடனம் கெஞ்சுகிறதே தவிர உரிமையாகக் கேட்கவில்லை என்று அன்றே குறை சொன்னவர் ஒருவர் உண்டு: வார்சா நகரின் அநாதை இல்ல மருத்துவர் யானுஷ் கோர்சாக். அடுத்த வாரம் அவரைப் பார்ப்போம்.

(தொடரும்)