பக்குவம் பார்க்கிறவர்கள்

கரிசல் காட்டில் பக்குவம் பார்ப்பது அன்றாட வேலை. மழை விட்டதும் காட்டுக்குப் போய் மண்ணைக் கையில் அள்ளிப் பார்ப்பார்கள். ஈரம் கூடுதலாக இருந்தால் கரிசல் கலப்பையோடு ஒட்டிக்கொண்டு வரும். காயவிட்டால் பாளம் பாளமாக வெடித்துவிடும். இரண்டுக்கும் நடுவில் கிடைக்கிற சில நாள்தான் விதைப்புக்கு. கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்குப் பாகு பக்குவம் தப்பினால் அன்றைய சரக்கு போச்சு. அதே ஊரின் ஹாக்கி மைதானத்து ஓரத்தில் நிற்கிற பெரியவர்களும் பையன்களைப் பற்றி இந்தச் சொல்லைத்தான் சொல்வார்கள்: இவன் பக்குவப்பட்டுட்டான், மேல அனுப்பலாம், அவனுக்கு இன்னும் ஒரு வருஷம் போகட்டும்.

ஒரு பெண்பிள்ளையைப் பற்றி இதே சொல்லைச் சொல்லிப் பாருங்கள். பக்குவமடைந்துவிட்டாள். சமைஞ்சுட்டா, ஆளாயிட்டா. பொருளே வேறாகிவிடுகிறது. குச்சில் உட்கார வைக்கிறார்கள், தாய்மாமன் சீர் வருகிறது, பள்ளிக்கூடமும் விளையாட்டும் இனி எத்தனை நாளைக்கு என்று வீட்டில் கணக்குப் போடத் தொடங்குகிறார்கள். வயது பன்னிரண்டு, பதின்மூன்று. அரசு விளையாட்டு விடுதிகளுக்குப் பிள்ளைகளைத் தேர்வு செய்யத் தொடங்குகிற வயதும் அதுதான். கோவில்பட்டி ஹாக்கியின் கதையைப் பெண்கள் பக்கம் நின்று எழுதுவதென்றால், இந்த ஒரே வயதில் நடக்கும் இரண்டு தேர்வுகளிலிருந்துதான் எழுத வேண்டும்.

ஊருக்கு 'ஹாக்கிப்பட்டி' என்று பட்டப்பெயரே உண்டு. பள்ளி மைதானங்களிலும் ஊர் கிளப் அணிகளிலும் பரம்பரையாக வளர்ந்த ஆட்டம். லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்திய ஹாக்கிப் போட்டிக்கு வெளி மாநிலங்களிலிருந்து பெரிய பெரிய அணிகள் வந்து இறங்கும். ஒரு பெண்ணின் பெயரைத் தாங்கிய கோப்பைக்காக ஆண்கள் அணிகள் மோதுவதை ஊர் முழுக்கத் திரண்டு பார்க்கும். 2022 மே மாதம் தேசிய ஜூனியர் ஆண்கள் சாம்பியன்ஷிப் கோவில்பட்டியில் நடந்தது. அதே மாதம் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பை. அதில் ஆடிய இந்திய அணியில் இந்த ஊர்க்காரரான மாரீஸ்வரன் சக்திவேல் இருந்தார். அரியலூரில் பிறந்து கோவில்பட்டி விடுதியில் ஆட்டம் கற்ற செல்வம் கார்த்தியும் இருந்தார். பாகிஸ்தானுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே கார்த்தி கோல் அடித்தார். இந்தியாவுக்கு வெண்கலம் கிடைத்தது.

அந்த அணி எப்படி அமைந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். முன்னணி வீரர்கள் பலருக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, மேலே வரக் காத்திருந்த இளைஞர்களைப் பெரிய மேடையில் சோதித்துப் பார்க்க அனுப்பப்பட்ட அணி அது. மாரீஸ்வரனும் கார்த்தியும் முழுமையாகத் தயாராகிவிட்டார்கள் என்று யாரும் சான்றிதழ் கொடுத்துவிட்டு அனுப்பவில்லை. ஆடவிட்டுப் பார்த்தார்கள். பக்குவத்தின் பாதி, வாய்ப்பு கிடைத்த பிறகு வருவது. கார்த்தி அடுத்த ஆண்டு சென்னையில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை வென்ற அணியிலும் இடம்பிடித்தார்.

ஒரு பிள்ளையை மேலே ஏற்றலாமா என்று தேர்வாளர் எதை வைத்து முடிவு செய்கிறார்? கோல் கணக்கை வைத்து மட்டும் அல்ல. பந்து வந்து சேர்வதற்கு முன்பே தலையைத் திருப்பி யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்க்கிறதா அந்தப் பிள்ளை? முதல் தொடுதலில் பந்து மட்டையோடு அடங்குகிறதா, எகிறி ஓடுகிறதா? வட்டத்துக்குள் ஃபவுல் கொடுக்காமல் பறிக்கத் தெரிகிறதா? கோல் வாங்கிய பிறகு வரும் ஐந்து நிமிடத்தில் ஆட்டம் சிதறுகிறதா? சரளை மைதானத்தில் பந்து எப்படித் துள்ளும் என்று தெரியாது. அதைச் சமாளித்துப் பழகிய கைக்குச் சாமர்த்தியம் வரும். ஆனால் செயற்கைப் புல்லில் பந்து வழுக்கிக்கொண்டு வரும், யோசிக்க நேரம் இருக்காது. 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஹாக்கி செயற்கைத் தரைக்கு மாறிய பிறகு, இங்கே மண்ணில் கெட்டிக்காரனாக இருந்தவன் அங்கே போய்த் திணறுவது ஒரு தலைமுறைக்கு நடந்தது. இப்போது கோவில்பட்டியிலேயே செயற்கைப் புல் மைதானம் இருக்கிறது.

(இந்த மைதானத்தை ஆட்டத்துக்கு முன்னால் தண்ணீரால் நனைக்க வேண்டும். காலிக்குடங்களோடு பெண்கள் சாலையில் உட்கார்ந்த ஊர், தாமிரபரணித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்து குடிக்கிற ஊர் இது. விளையாட்டுக்குத் தண்ணீர் கூடாது என்று நான் சொல்லவில்லை. வீட்டுக்குத் தண்ணீர் சுமக்கிற பெண்பிள்ளையும் அந்தப் புல்லில் ஓட வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.)

அனுபவமுள்ள பயிற்சியாளர் அவசரப்பட மாட்டார். பதின்மூன்று வயதில் எல்லாரையும் தாண்டி ஓடுகிறவன் ஆட்டத்தால் தாண்டுகிறானா, உடம்பு முந்தி வளர்ந்ததால் தாண்டுகிறானா என்பது அவருக்குப் பெரிய கேள்வி. வயதுப்பிரிவு அணிகளில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்த பிள்ளைகளே அதிகம் தேர்வாகிறார்கள் என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சில மாத மூப்பைத் திறமை என்று எண்ணி ஏமாறுகிறோம். ஆகவே சின்ன உடம்புக்காரனைக் கழித்துவிடாமல், 'ஒரு வருஷம் போகட்டும்' என்று வைத்திருப்பது நல்ல தேர்வாளரின் குணம்.

அந்த ஒரு வருஷத்தைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது. அப்படிச் சொல்லப்பட்ட பையன் விடுதிக்கோ வீட்டுக்கோ திரும்பிப் போகிறான், சாப்பிடுகிறான், வளர்கிறான், மறுவருஷம் வந்து நிற்கிறான். காத்திருந்தால் ரயில்வேயிலோ வங்கியிலோ போலீசிலோ விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்கலாம் என்று குடும்பமும் பொறுத்துக்கொள்கிறது. அப்படி வேலைக்குப் போன ஒரு அண்ணனோ சித்தப்பாவோ பக்கத்துத் தெருவில் இருக்கிறார். பெண்பிள்ளையிடம் 'இன்னும் ஒரு வருஷம்' என்று சொன்னால், அந்த வருஷம் அவள் கையில் இருக்கிறதா? பள்ளி அணிகளில் பெண்கள் ஆடாமல் இல்லை, நன்றாகவே ஆடுகிறார்கள். மறு வருஷமும் வந்து நிற்பதுதான் அவர்களுக்குக் கடினமாக இருக்கிறது. மாலைப் பயிற்சி முடிய இருட்டிவிடும், கிராமத்துக்குப் பேருந்து குறைவு, அரைக்கால் சட்டையைப் பற்றி உறவுக்காரர்கள் ஒரு வார்த்தை சொல்வார்கள். ஒவ்வொன்றும் சின்னக் காரணம்தான்.

கரிசல் சீமை தன் பெண்பிள்ளைகளின் தகுதியை எடைபோடத் தெரியாத சீமை அல்ல. வேறு இடத்தில் எடைபோட்டது. கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி வட்டாரத்துத் 'தீப்பெட்டி ஆபீஸ்'களில் இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதி முழுக்க, கட்டை அடுக்கவும் பெட்டி ஒட்டவும் குழந்தைகள் உட்கார்ந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்பிள்ளைகள். விரல் வேகம்தான் அங்கே தகுதி. எத்தனை கட்டை, எத்தனை பெட்டி என்று எண்ணிக் கூலி. ஒரு சிறுமியின் கைக்கும் கண்ணுக்கும் உள்ள ஒத்திசைவை இந்த ஊர் துல்லியமாக அளந்திருக்கிறது. அந்தக் கையில் மட்டையைக் கொடுத்து அளக்கவில்லை. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1996 டிசம்பரில் எம்.சி. மேத்தா வழக்கில், வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நல நிதியில் கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சகோதரன் பள்ளிக்கும் மைதானத்துக்கும் போன காலத்தில் அக்கா அடுக்கிய கட்டைகளின் கூலி வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது. கோவில்பட்டி ஹாக்கியின் வரலாற்றில் அந்தக் கூலிக்கும் ஒரு வரி இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

திருமணத்துக்கான பக்குவத்தையும் அரசு பலமுறை திருத்தியது. 1929இன் சாரதா சட்டம் பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்றது. 1978இல்தான் அது 18, 21 ஆனது. ஐம்பது ஆண்டு காலம், ஒரு விளையாட்டு வீராங்கனை ஜூனியர் அணியில் காலெடுத்து வைக்கும் வயதைச் சட்டமே கல்யாண வயது என்று சொல்லிக்கொண்டிருந்தது.

இனி உடம்பு. ஹரியானாவின் ஷாஹாபாத்தில், வண்டி இழுத்துப் பிழைத்தவரின் மகள் ராணி ராம்பால், பயிற்சியாளரிடம் போய் நின்றபோது முதலில் கிடைத்த பதில் மறுப்புதான். சத்தில்லாத உடம்பு, பயிற்சியைத் தாங்காது என்றார் அவர். ராணி விடவில்லை, உடைந்த மட்டையை வைத்துத் தானே பழகினார், திரும்பத் திரும்பக் கேட்டார். சேர்த்துக்கொண்ட பிறகு, தினமும் அரை லிட்டர் பால் கொண்டுவர வேண்டும் என்பது விதி. வீட்டில் 200 மில்லிக்குத்தான் வழி இருந்தது. அதில் தண்ணீர் கலந்து குடித்ததை ராணியே பின்னாளில் சொல்லியிருக்கிறார். 14 வயதில் இந்திய அணிக்கு வந்தார். 2010 உலகக் கோப்பையில் 15 வயதில் ஏழு கோல்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பிடித்த அணிக்கு அவர்தான் தலைவி.

முதல் மறுப்பை அந்தப் பயிற்சியாளரின் குற்றமாக நான் எழுதவில்லை. அவர் பார்த்தது உண்மைதான், உடம்பில் சத்தில்லை. சத்தின்மையைத் திறமையின்மையாக வாசித்ததுதான் தவறு. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 19 வயதுவரையுள்ள பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அப்படிப்பட்ட பிள்ளையை யோ-யோ ஓட்டச் சோதனையில் ஓடவிட்டு, 'தாக்குப்பிடிக்கவில்லை' என்று குறித்துக்கொண்டால் அந்தத் தாளில் இருப்பது அவளுடைய ஹீமோகுளோபின். ஹாக்கி அதில் இல்லை. பருவமடையும் காலத்தில் உடல் எடையும் இடுப்பும் மாறும்போது பல பெண்களின் வேகம் சற்றுத் தேங்கும், பிறகு திரும்பும். அந்தத் தேக்கத்தைப் பார்த்து 'இவ்வளவுதான் இவள்' என்று முடித்துவிடுகிறவர்கள் உண்டு. மேலே ஏறி வென்ற பிறகும் பெண்ணின் உடம்பைச் சோதிப்பது நிற்பதில்லை. 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் புதுக்கோட்டை சாந்தி சௌந்திரராஜன் வாங்கிய வெள்ளியைப் பாலினச் சோதனையின் பேரில் பறித்தார்கள்.

பக்குவம் பார்ப்பதையே ஒரு தொழிலாக வளர்த்தது அமெரிக்க பேஸ்பால். பெரிய அணிகளுக்குக் கீழே படிப்படியாகச் சிறிய லீக்குகள். பெரும்பாலான படிகளில் நூற்றுக்கு மேல் ஆட்டங்கள், ஒவ்வொரு பந்துக்கும் கணக்கு, ஒவ்வொரு இளைஞனைப் பற்றியும் அறிக்கை. இவ்வளவு நுணுக்கமான ஏணியில் 1952 ஜூனில் எலினார் எங்கிள் என்ற பெண்ணை ஹாரிஸ்பர்க் செனட்டர்ஸ் என்ற சிறிய லீக் அணி ஒப்பந்தம் செய்தது. பயிற்சியில் இறங்கினார். ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. சில நாளிலேயே, பெண்களை ஒப்பந்தம் செய்யக் கூடாது என்று சிறிய லீக்குகளின் தலைவர் ஜார்ஜ் டிராட்மன் தடை போட்டார். எங்கிள் தேறுவாரா மாட்டாரா என்ற கேள்வி எழவே இல்லை. அத்தனை அளவுகோல்களும் ஏணியில் கால் வைத்தவனுக்குத்தான்.

ஹாக்கி ஏணியின் படிகளைத் தேதியோடு பார்த்தாலும் இதேதான். ஒலிம்பிக்கில் ஆண்கள் ஹாக்கி 1908இல், பெண்களுக்கு 1980இல். இந்தியப் பெண்கள் அந்த முதல் தடவையிலேயே நான்காம் இடம். அதற்கு முன் 1974இன் முதல் பெண்கள் உலகக் கோப்பையிலும் நான்காம் இடம். ஜூனியர் உலகக் கோப்பை ஆண்களுக்கு 1979இல், பெண்களுக்கு 1989இல். ஹாக்கி இந்தியா லீக் ஆண்களுக்கு 2013இல் தொடங்கியது, பெண்களுக்கு 2025 ஜனவரியில். அந்தப் பருவத்தில் ஆண்கள் அணிகள் எட்டு, பெண்கள் அணிகள் நான்கு. எட்டில் ஒன்று தமிழ்நாட்டின் பெயரில். நான்கில் ஒன்றும் இல்லை. ஜூனியர் படி இல்லாத காலத்தில் இந்தப் பெண்கள் நேரே சீனியருக்குத்தான் ஏறினார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு 'அவசரமாக ஏற்றிவிட்டோம்' என்ற பழி விழுந்திருக்கும்!

படி இருந்த இடத்தில் என்ன நடந்தது என்பதற்கு ஜார்க்கண்ட் சாட்சி. ராஞ்சியின் பரியாத்து மையத்திலும் சிம்டேகாவிலும் பெண்பிள்ளைகளை விடுதியில் தங்கவைத்துச் சோறு போட்டு ஹாக்கி சொல்லிக்கொடுத்தார்கள். சிம்டேகா மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் மூங்கில் மட்டையோடு தொடங்கிய சலீமா டேட்டே 2024இல் இந்திய அணியின் தலைவியானார். அங்கேயும் வறுமைதான், அங்கேயும் மானாவாரிதான். பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்குச் சில வருஷங்களை ஓர் அரசு விடுதி வாங்கிக் கொடுத்தது. மாரீஸ்வரனுக்கும் கார்த்திக்கும் கோவில்பட்டி விடுதி செய்தது அதையேதான். அது ஆண்பிள்ளைகளுக்கான விடுதி.

தேர்வு நாளில் பயிற்சியாளர் கையில் ஒரு தாள் இருக்கும். பெயர், பிறந்த தேதி, உயரம், ஓட்ட நேரம், கடைசிக் கட்டத்தில் ஒரு குறிப்பு. போன வருஷத்துத் தாளை எடுத்து, 'இன்னும் பக்குவம் இல்லை' என்று குறித்த பெண்பிள்ளைகளின் பெயர்களுக்கு நேரே, இந்த வருஷம் வந்தாளா என்று இன்னொரு கட்டம் போட வேண்டும். வராதவள் வீட்டுக்கு ஒருவர் போய்க் கேட்க வேண்டும். வாக்காளர் பட்டியலுக்கு வீடு வீடாகப் போகிற ஊரில் இது பெரிய வேலை இல்லை.