மிச்சம் பதினோரு மில்லி ஆம்பியர்

குற்றாலத்தில் சாரல் விழுகிறது என்கிறார்கள். சுரண்டையில் காற்று மட்டும்தான். வெளியே போக முடியாமல், இன்ஜினியரிங் படிக்கும் பேத்தியின் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். முப்பத்தைந்து வருஷத்துக்கு மேலாக நான் பட்டிருக்கும் ஒரு கடன் அதில் அகப்பட்டது. கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் டிரான்சிஸ்டர் என்றால் ரேடியோதான். வயல் வரப்பில் வைத்து இலங்கை வானொலி கேட்ட பெட்டிக்கே அந்தப் பெயர். உள்ளே மூன்று கால்களோடு இருக்கும் சின்னப் பொருளுக்குத்தான் அந்தப் பெயர் சொந்தம் என்று எனக்கே கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரியும். உமிழ்ப்பான், அடிவாய், ஏற்பான் என்று உங்களுக்குப் போர்டில் படம் போட்டேனே, அதுதான்.

1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பார்டீனும் பிராட்டெயினும் முதல் டிரான்சிஸ்டரைச் செய்தார்கள். ஜெர்மானியத் துண்டின் மேல் இரண்டு தங்க முனைகள் அழுத்தி நிற்கும் அமைப்பு. அந்தக் குழுவின் தலைவர் ஷாக்லி. ஆனால் காப்புரிமையில் அவர் பெயர் இல்லை. மனுஷனுக்குத் தாங்கவில்லை. புத்தாண்டு சமயத்தில் சிகாகோவில் ஒரு ஓட்டல் அறையில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகக் கணக்குப் போட்டார். 1948 ஜனவரி 23ஆம் தேதி, மூன்று அடுக்குகளைச் சேர்த்தாற்போல் வைக்கும் சந்தி டிரான்சிஸ்டர் அவர் குறிப்பேட்டில் உருவாகிவிட்டது. அப்போது அப்படி ஒரு பொருள் உலகத்தில் எங்கும் கிடையாது! மின்னோட்டக் கணக்கை 1949இல் கட்டுரையாக வெளியிட்டார். ஸ்பார்க்ஸ், டீல் என்ற இருவர் அதைச் செய்துகாட்டியது 1950இல். கணக்கு முந்தி, பொருள் பிந்தி. பொறாமையில் பிறந்த நல்ல காரியங்களில் இதுவும் ஒன்று என்பேன்.

கணக்கு என்ன? உமிழ்ப்பானிலிருந்து 200 பங்கு மின்னோட்டம் புறப்பட்டால், 199 பங்கு மெல்லிய அடிவாயைத் தாண்டி ஏற்பானுக்குப் போய்விடும். 1 பங்குதான் அடிவாய் வழியே. 199ஐ 200ஆல் வகுத்தால் ஆல்பா, 0.995. 199ஐ 1ஆல் வகுத்தால் பீட்டா, 199. ஆல்பா 0.995இலிருந்து 0.99க்கு இறங்கினால் அரை சதவீதம்தான் குறைகிறது. பீட்டாவோ 199இலிருந்து 99க்கு, பாதியாக விழுந்துவிடும். அதனால்தான் ஒரே நம்பர் போட்ட பிசி 107 டிரான்சிஸ்டர்களிலேயே ஒன்றுக்குப் பீட்டா 110 இருக்கும், இன்னொன்றுக்கு 450 இருக்கும். நம் பாடப்புத்தகத்தில் மட்டும் அது எப்போதும் ஒரு முழு எண்!

நம் நாட்டில் பெங்களூரு பெல் நிறுவனம் (பாரத் எலக்ட்ரானிக்ஸ், அமெரிக்க பெல் வேறு) 1962இல் ஜெர்மானியச் சாதனங்களையும் 1967இல் சிலிக்கன் சாதனங்களையும் தயாரிக்கத் தொடங்கியது. அதற்குப் பிறகுதான் இதெல்லாம் நம் பள்ளி ஆய்வகம் வரைக்கும் வந்து சேர்ந்தது.

இப்போது கடனுக்கு வருகிறேன். 1986 என்று நினைவு. பிளஸ் டூ செய்முறை வகுப்பு. 9 வோல்ட் பேட்டரி, ஏற்பான் பக்கம் 1 கிலோ ஓம், அடிவாய்ப் பக்கம் 82 கிலோ ஓம். அடிவாய் மின்னோட்டம் 100 மைக்ரோ ஆம்பியர், பீட்டா 200. பெருக்கினால் ஏற்பானில் 20 மில்லி ஆம்பியர் வர வேண்டும். ஒரு பையனின் மீட்டர் 9க்குக் கீழேயே நின்றது. அவனும் அதையே நோட்டில் எழுதி வைத்துவிட்டு, "சார், மிச்சம் பதினோரு மில்லி ஆம்பியர் எங்க சார் போச்சு?" என்று கேட்டான்.

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை. "ரீடிங்கை ஒழுங்கா எடுக்கத் தெரியல, கேள்வி வேற. உக்காருலே" என்றேன். சிவப்பு மையால் அடித்து 20 என்று எழுதிக் கொடுத்தேன். வகுப்பே சிரித்தது. பிறகு அவன் கேள்வி கேட்டதாக எனக்கு நினைவில்லை.

பதில் பேத்தியின் புத்தகத்தில் இருந்தது. 1954இலேயே எபர்ஸ், மால் என்ற இருவர் (இவர்களும் அமெரிக்க பெல் ஆய்வகம்தான்) எழுதி வைத்துவிட்டார்கள். டிரான்சிஸ்டரை ஒன்றோடொன்று பிணைந்த இரண்டு டையோடுகளாக அவர்கள் பார்த்தார்கள். சாதாரணமாக உமிழ்ப்பான் பக்கத்துச் சந்தி மட்டும் முன்னோக்குச் சார்பில் இருக்கும். அடிவாய்க்கு அளவுக்கு மிஞ்சிக் கொடுத்தால் ஏற்பான் பக்கத்துச் சந்தியும் முன்னோக்குச் சார்புக்கு வந்துவிடும். ஏற்பானும் எதிர்த்திசையில் உமிழ ஆரம்பிக்கும். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால்தான் சரியான விடை. அந்த நிலைமையில் பீட்டாவால் பெருக்குவது செல்லாது.

நம் ஊர்க் கணக்கில் சொன்னால், மடைப் பலகையை எவ்வளவு தூக்கினாலும் வாய்க்கால் கொள்கிற தண்ணீர்தானே வரும். 9 வோல்ட்டில் டிரான்சிஸ்டர் 0.2 வோல்ட் வைத்துக்கொண்டது போக 8.8 வோல்ட். அதை 1 கிலோ ஓமால் வகுத்தால் 8.8 மில்லி ஆம்பியர். அவன் மீட்டர் காட்டியது அதுதான்.

தம்பி, நீ இப்போது எங்கே இருக்கிறாயோ. உன் பெயர் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, இங்கே எழுதவில்லை. மிச்சம் பதினோரு மில்லி ஆம்பியர் எங்கேயும் போகவில்லை, அது வரவே இல்லை. உன் ரீடிங்தான் சரி. அந்த ரெக்கார்டு நோட்டு ஒருவேளை பரணில் கிடந்தால், சீசனுக்கு ஊர்ப்பக்கம் வரும்போது எடுத்து வா. அந்தச் சிவப்பு மையை நானே அடிக்க வேண்டும்.