கட்டம் கட்டமாக வந்த தமிழ்

இன்று கல்லூரியில் படிப்பவர்களுக்குக் ‘கட்டம்’ என்றால் என்னவென்று விளக்க வேண்டியிருக்கிறது. 2010 வாக்கில் விற்ற பல ஆண்ட்ராய்டு போன்களில் தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் எழுத்துக்குப் பதிலாகக் காலிக் கட்டங்கள் வரிசையாக வரும். போனுக்குள் தமிழ் எழுத்துரு கிடையாது, அவ்வளவுதான். ஓபரா மினியில் ஒரு அமைப்பை மாற்றினால் அது எழுத்தைப் படமாக்கிக் காட்டும். அதைவிட்டு வெளியே வந்தால் மறுபடியும் கட்டம்.

எழுத்துருவை நாமே உள்ளே வைக்க ஒரு வாசல் இருந்தது. அதன் பெயர் ஏடிபி, ஆண்ட்ராய்டு டீபக் பிரிட்ஜ். 2007 நவம்பரில் கூகுள் ஆண்ட்ராய்டுக்கான கருவிகளை வெளியிட்டபோதே கூட வந்தது. ஆண்ட்ராய்டின் அடியில் ஓடுவது லினக்ஸ். கணினியின் கருப்புத் திரையில் நாம் அடிக்கும் கட்டளையை, யூஎஸ்பி கேபிள் வழியாகப் போனுக்குள் கொண்டுபோய் ஓட்டுவதுதான் ஏடிபியின் வேலை.

கோவில்பட்டியில் எனக்குத் தெரிந்த மொபைல் கடை அண்ணாச்சி ஒருவருக்கு அந்த வாசல் தேவைப்பட்டது. அவர் மகள் மதுரை ஹாஸ்டலிலிருந்து நோக்கியாவில் தமிழ் மெசேஜ் அனுப்புவாள். “என்ன எழுதியிருக்கான்னு போன் போட்டுக் கேக்க வேண்டியிருக்கு தம்பி” என்றார். அவர் போனை ரூட் செய்து, ‘ஏடிபி ரீமவுன்ட்’ கொடுத்து, பூட்டியிருந்த சிஸ்டம் பகுதியை எழுதக்கூடியதாக மாற்றினோம். ‘ஏடிபி புஷ்’ கொடுத்துத் தமிழ் எழுத்துருவை உள்ளே தள்ளினோம். பிறகு ‘ஏடிபி ரீபூட்’.

எழுத்து வந்தது, ஆனால் உடைந்து வந்தது. ‘பெண்’ என்ற சொல்லில் ஒற்றைக் கொம்பு ப-வுக்குப் பின்னால் போய் நின்றது. யூனிகோடில் மெய் முதலிலும் உயிர்க்குறி அடுத்தும் சேமிக்கப்படுகின்றன. கொம்பைத் திரையில் முன்னால் நகர்த்துவது இன்னொரு மென்பொருளின் வேலை, அந்தப் போனில் அது தமிழுக்கு இல்லை. அண்ணாச்சி அதற்கெல்லாம் அசரவில்லை. “கொம்பு எடம் மாறி நின்னாலும் வாசிச்சிரலாம். கட்டத்த எப்படி வாசிக்க?” என்றார்.

2011 முதல் வந்த 4.0, 4.1 பதிப்புகளில் தமிழ் ஒழுங்காகத் தெரியத் தொடங்கியது. அதே காலத்தில் வாசலுக்குப் பூட்டுகளும் வந்தன. 2012இல் வந்த 4.2இல் டெவலப்பர் மெனுவை மறைத்தார்கள். பில்ட் எண்ணை ஏழு தடவை தட்டினால்தான் திறக்கும். 2013இல் வந்த 4.2.2இல், இந்தக் கணினியை நம்பலாமா என்று போன் கேட்க ஆரம்பித்தது. 2016இல் வந்த 7.0 முதல், சிஸ்டம் பகுதியில் யாராவது கைவைத்தால் பூட்டிய போன் சரியாகத் துவங்க மறுக்கும்.

இந்தப் பூட்டுகளுக்குக் காரணம் உண்டு. 2008இல் வந்த முதல் ஆண்ட்ராய்டு போனான ஜி1இல், விசைப்பலகையில் அடித்ததெல்லாம் பின்னணியில் ரூட் ஷெல்லுக்கும் போய்க்கொண்டிருந்தது. உரையாடலில் ‘ரீபூட்’ என்று அடித்தால் போன் நிஜமாகவே அணைந்து எழுந்தது. 2018 பிப்ரவரியில் ஏடிபி.மைனர் என்ற புழு, 5555ஆம் போர்ட் திறந்து கிடந்த சாதனங்களுக்குள் புகுந்து கிரிப்டோ நாணயம் தோண்டியது. திறந்த வாசலில் திருடனும் வருவான்தான்.

ஆனால் வீட்டுக்காரரிடம் சாவி இருக்க வேண்டாமா? 2019இல் வந்த யூனிகோட் 12.0இல் 51 பழைய தமிழ்க் குறிகள் சேர்ந்தன. முந்திரி, காணி, மா போன்ற பின்னங்களுக்கான குறிகளும் அவற்றில் உண்டு. அதற்கு முன்பே வாங்கி, அப்டேட் நின்றுபோன போன்கள் கரிசல் காட்டில் இன்னும் எத்தனையோ பேர் கையில் இருக்கின்றன. தாத்தா காலத்து நிலக் கணக்கை யாராவது அந்தக் குறிகளோடு தட்டச்சு செய்து அனுப்பினால், அந்தப் போன்களில் அவை கட்டங்களாகத்தான் தெரியும். எழுத்துரு இலவசமாகவே கிடைக்கிறது, கேபிளும் கையில் இருக்கிறது. காசு கொடுத்துப் போனை வாங்கியவர் அதை உள்ளே வைக்கத்தான் வழியில்லை.