திரும்பிய ஊசியும் ஓமின் கணக்கும்

தம்பி தங்கைகளே, கொப்பன்ஹேகனில் ஓர்ஸ்டெட் பூங்காவைக் கடந்திருப்பீர்கள். அங்கே சிலையாக நிற்பவர்தான் ஹான்ஸ் கிறிஸ்தியான் ஓர்ஸ்டெட்.

அவருக்கு முன் மின்னோட்டத்தை அளக்க நல்ல கருவி இல்லை. இங்கிலாந்தின் கவெண்டிஷ் தன் உடம்பில் அதிர்ச்சி வாங்கித்தான் மதிப்பிட்டார்! 1820இல், மின்சாரம் ஓடும் கம்பியின் அருகே திசைகாட்டி ஊசி திரும்புவதை ஓர்ஸ்டெட் கண்டார். யூலை 21இல் அதை இலத்தீனில் வெளியிட்டார். ஓட்டம் கூடினால் ஊசியும் கூடுதலாகத் திரும்பும். அப்படியென்றால் ஊசியே அளவுகோல்.

ஜெர்மன் ஆசிரியர் ஓம் அதைப் பிடித்துக்கொண்டார். காந்த ஊசியால் அளந்து, 1827இல் தன் விதியை நூலாக்கினார்: அழுத்தத்தை ஓட்டத்தால் வகுத்தால் தடை. சொந்த நாட்டில் பலர் மதிக்கவில்லை, வேலையையும் விட்டார். 1841இல் லண்டன் ராயல் சொசைட்டி பதக்கம் கொடுத்தது.

இப்போது உங்கள் குசினிக்கு வாருங்கள். 230 வோல்ட்டில் கேத்தில் 10 அம்பியர் இழுத்தால், தடை 23 ஓம். இரண்டையும் பெருக்கினால் வலு 2300 வாட். அதே இணைப்பில் ஹீட்டரையும் கொழுவினால் பியூஸ் போகலாம். ஏன் என்று அம்மாவுக்கு நீங்களே கணக்குப் போட்டுக் காட்டுங்கள். அந்தக் கணக்குக்கு வழி திறந்த ஊசி, நாங்கள் வாழும் இந்த நாட்டில்தான் திரும்பியது.