மனைவி யாவள்? – தென்னாப்பிரிக்க வழக்கொன்றின் வரலாறு



கடல் கடந்து பொருளீட்டச் செல்லும் நம் இளைஞர், சென்ற நாட்டில் ஒருவாறு நிலைபெற்ற பின்னர், மனையாளையும் மக்களையும் தம்பால் அழைத்துக்கொள்ள விழைதல் இயல்பேயாம். அங்ஙனம் விழையுங்கால் அந்நாட்டு அரசினர் முதற்கண் கேட்பது, இவள் நும் மனைவி என்பதற்குச் சான்று யாது என்பதே. அம்மி மிதித்து, அருந்ததி காட்டி, ஊரறிய மணந்தவனுக்கு இவ்வினா வியப்பைத் தரும். சிலர்க்குச் சினத்தையும் விளைக்கும். ஆயினும் இது நேற்றுத் தோன்றிய வினா அன்று. நூறாண்டுகட்கு முன்னர்த் தென்னாப்பிரிக்காவில் நம் பெண்டிரைச் சிறைக்கோட்டம் புகுவித்தது இவ்வினாவே. அவ்வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

சென்னைத் துறைமுகத்தினின்று புறப்பட்ட 'டுரூரோ' என்னும் கப்பல் 342 பேருடன் 1860 நவம்பர் 16-ல் நேட்டால் நாட்டு டர்பன் துறையை அடைந்தது. கரும்புத் தோட்டங்கட்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற அம்மக்களைத் தொடர்ந்து, கப்பற்கூலியைத் தாமே செலுத்திச் சென்ற வணிகரும் பிறரும் அங்குக் குடியேறினர். ஒப்பந்தத்திற் சென்றோர் தம் மணத்தை அரசாங்கக் காப்பாளர் அலுவலகத்திற் பதிவு செய்துகொள்ளும் ஏற்பாடு இருந்தது. தம் பொருளிற் சென்றோர்க்கு அத்தகைய ஏடு யாதும் இல்லை. அவர்கள் ஊரில் மணந்து, பின்னர் மனைவியரை வருவித்துக்கொண்டனர். 1897-ஆம் ஆண்டு நேட்டால் குடியேற்றத் தடைச் சட்டம் ஐரோப்பிய மொழியொன்றில் எழுத அறியாதாரைப் புகவொட்டாது தடுத்ததேனும், புகத் தகுதியுடையானின் மனைவிக்கும் இளம் பிள்ளைகட்கும் அத்தடை இல்லை என விலக்களித்தது. கதவை அடைத்தவரே சிறு திட்டிவாயில் ஒன்றைத் திறந்து வைத்தனர் என்க.

1910-ல் நேட்டால், டிரான்ஸ்வால், கேப், ஆரஞ்சு என்னும் நான்கும் ஒன்றாகித் தென்னாப்பிரிக்க ஐக்கியம் தோன்றியது. அதன்பின் அத்திட்டிவாயிலையும் அடைக்க நேர்ந்தது ஒரு தீர்ப்பு. போர்ட் எலிசபெத்து நகரில் வாழ்ந்த இந்திய முகம்மதியர் ஒருவர், இந்தியாவில் தம் சமய முறைப்படி மணந்த பாயி மரியம் என்னும் மாதை அழைத்துவர, அதிகாரிகள் அவரை நாட்டினுட் புக ஒப்பவில்லை. வழக்குக் கேப் உயர்நீதிமன்றம் சென்றது. 1913 மார்ச் 14-ல் நீதிபதி சியர்ல் தீர்ப்புரைத்தார். பல தாரம் கொள்ள இடங்கொடுக்கும் சமயத்தின் முறைப்படி நிகழ்ந்த மணம், அக்கணவன் ஒருத்தியையே மணந்தவனாயினும், அந்நாட்டுச் சட்டத்தின் முன் மணமாகாது என்பது அதன் சாரம்.

இதன் விளைவைச் சற்றே எண்ணிப் பார்மின். கிறித்துவ முறையிலேனும் அரசாங்கப் பதிவாளர் முன்னிலையிலேனும் நிகழாத திருமணங்கள் யாவும் ஐயத்திற்குள்ளாயின. இந்துக்கள், முகம்மதியர், பார்சிகள் ஆகிய எல்லாரும் இவ்வலையிற் சிக்கினர். இருபதாண்டு இல்லறம் நடத்திய மங்கையும் சட்டத்தின் கண்ணில் மனைவியல்லளாயினள். அவள் பெற்ற மகார் தந்தையின் உடைமைக்கு உரிமை கோருவதும் ஐயமாயிற்று. ஒருத்தியைக் கரையிறக்குவதா என்று தொடங்கிய வழக்கு, முன்னரே கரையேறி வாழ்ந்த அனைவர் மனையுள்ளும் புகுந்தது. குடியேற்றச் சட்டத்தின் கொடுமை இதுவேயாம்: துறைமுகத்தில் நிற்க வேண்டிய காவலன் அடுப்பங்கரையில் வந்து நிற்கின்றான்.

மணச்சான்று என்னும் பொருள் நமக்கும் புதிதன்று. களவொழுக்கத்தில் வாக்குப் பிறழ்ந்தார் சிலர் தோன்றிய பின்னரே ஆன்றோர் மணச் சடங்குகளை வகுத்தனர் என்பது தொல்காப்பியக் கற்பியலால் அறியப்படும். ஆகலின் தீவலமும் ஊரார் கூட்டமும் ஒரு காலத்துப் பத்திரமாகவே பயன்பட்டன. நம் சான்றை நம் ஊர் ஏற்றது, அயலூர் ஏற்கவில்லை. அவ்வளவே வேற்றுமை.

அவ்வாண்டு ஆகஸ்டு முதல் நாள் நடைமுறைக்கு வந்த குடியேற்ற ஒழுங்குச் சட்டம் இக்குறையைத் தீர்ப்பதுபோல் ஒரு விதி கூறிற்று. ஐக்கியத்திற்குப் புறத்தே எச்சமய முறைப்படியும் நிகழ்ந்த, 'சட்டத்திற்கிசைந்த ஒருதார மணம்' ஏற்கப்படும் என்பது அவ்விதி. 'ஒருதார' என்னும் அவ்வொரு சொல்லால் சியர்ல் தீர்ப்பே பின்வாசல் வழியாக மீண்டும் உட்புகுந்தது. பலதாரத்திற்கு இடங்கொடுக்கும் சமயத்தின் மணம் ஒருதார மணமாகுமோ? சட்டத்திற் சொல்லொன்றின் எடை எத்துணையென இலக்கணம் பயின்றாரும் இங்குக் கற்கலாம்.

அதுகாறும் காந்தியடிகளின் சத்தியாக்கிரகத்திற் சிறை சென்றோர் ஆடவரே. இப்போது பெண்டிரும் எழுந்தனர். தம் மானம் பற்றிய செய்தியில் தாமே போர்புரிய முற்பட்டனர். 1913 செப்டம்பரில் கஸ்தூரிபாய் அம்மையாரை உள்ளிட்ட நான்கு பெண்களோடு பதினாறு பேர் நேட்டாலினின்று எல்லை கடந்து, மூன்று மாதக் கடுங்காவல் ஏற்றனர். டிரான்ஸ்வாலில் வாழ்ந்த பதினொரு மாதர், பெரும்பாலும் தமிழர், சிலர் கைக்குழந்தையோடு, சிறை நாடி எல்லையில் அலைந்தும் முதலிற் கைதாகவில்லை. அவர்கள் நியூகாசில் நகரம் சென்று நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரை வேலைநிறுத்தம் செய்யத் தூண்டினர். அத்தொழிலாளர் மனக்குறை வேறு: ஒப்பந்தம் முடிந்தோர்மீது விதித்த ஆண்டொன்றுக்கு மூன்று பவுன் வரி. மணத்தின் மானமும் வரியின் பாரமும் அங்கு ஒன்றாய்க் கலந்தன. சுரங்கங்கள் ஓய்ந்தன, மாதர் சிறைப்பட்டனர். நவம்பர் 6-ல் எல்லை நோக்கி நடந்த பெரும்படையில் ஆடவர் 2,037, பெண்டிர் 127, சிறார் 57 என்பது காந்தியடிகள் தந்த கணக்கு.

சிறை புகுந்த தமிழ்ப் பெண்களுள் தில்லையாடி வள்ளியம்மை ஜொகானஸ்பர்க்கிற் பிறந்து வளர்ந்தவர்; அகவை பதினாறு. சிறையிற் காய்ச்சலுற்று, விடுதலையடைந்து சின்னாளில், 1914 பிப்ரவரி 22-ல் உயிர் நீத்தார். மணமாகாத அக்கன்னி பிறர் மணத்தின் உரிமைக்காகச் சிறை சென்றார் என்பதைப் பலர் எண்ணுவதில்லை.

சாலமன் குழுவின் விசாரணைக்குப்பின், 1914-ல் இந்தியர் துயர்நீக்கச் சட்டம் நிறைவேறியது. மூன்று பவுன் வரி ஒழிந்தது. இந்தியச் சமயக் குருமார் சிலரை மணப்பதிவு அதிகாரிகளாக அமர்த்த வழி ஏற்பட்டது. சமய முறைப்படி மணந்த மனைவி ஒருத்தியும், பதினாறு அகவை நிரம்பாத அவள் மக்களும் வரலாமென வரையறுக்கப்பட்டது. ஆனால் அந்நாட்டில் வேறொரு மனைவியோ, வேறொருத்தி வயிற்று மகவோ அவனுக்கு இருப்பின், வருபவள் மனைவியாகாள். வெற்றி என்று கொண்டாடியவர் இவ்விறுதிப் பகுதியை விரைந்து கடந்து விடுவர். கணவன் செய்த இரண்டாம் மணத்திற்காக ஊரில் எஞ்சிய முதல் மனைவி விலை கொடுத்தாள் எனினும் அமையும்.

1918-ஆம் ஆண்டு இலண்டன் பேரரசு மாநாடு, குடியேறிய இந்தியர் ஒரு மனைவியையும் இளம் மக்களையும் இந்திய அரசாங்கச் சான்றிதழோடு அழைத்துக்கொள்ளலாம் எனப் பிற நாடுகட்கும் விரித்துரைத்தது. பதிவேடும் சான்றிதழும் கணவன் மனைவியர்க்கிடையே நிலைத்த மூன்றாமவர் ஆயினர். தென்னாப்பிரிக்காவிலோ 1953-ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியாவினின்று மனைவியும் மக்களும் உரிமையோடு வரும் அவ்வழியையும் அடைத்துவிட்டது. முகம்மதிய முறை மணங்களைச் சட்டம் ஏற்காமை அரசியலமைப்புக்கு முரணென அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் கூறியது 2022 ஜூன் 28-ல். சியர்ல் தீர்ப்பு வழங்கி அப்போது நூற்றொன்பது ஆண்டுகள் கழிந்திருந்தன.