சிவனொளிபாத மலையும் ஒதோரிக் அடிகளும்

மஸ்கெலியாவுக்கு அப்பாலுள்ள நல்லதண்ணி, சிவனொளிபாத மலைக்கு ஏறும் அடியார்கள் இளைப்பாறிச் செல்லும் அடிவாரமாகும். டிசம்பர்ப் பூரணையில் தொடங்கி வெசாக் பூரணை வரை நீளும் யாத்திரைக் காலத்தின் நடுவே தைப்பொங்கல் வருகிறது. தோட்டத்து லயங்களிலே பெரும்பாலும் பால் பொங்கும் அந்த ஜனவரி 14ஆம் நாளே, பிரான்சிஸ்கன் துறவிகளின் திருநாட்பட்டியலில் ஒதோரிக் அடிகளின் நாளுமாகும். பதுவை அந்தோனியாரை அறியாத தோட்டம் இல்லை. அவருடைய சபையைச் சேர்ந்த இவரையோ அறிந்தவர் மிகச் சிலரே.

இத்தாலியிலுள்ள பொர்தெனோனே என்னும் ஊரினர் இவர். பம்பாய்க்கு அருகிலுள்ள தாணாவில் 1321இல் தம் சபைத் துறவியர் நால்வர் கொலையுண்டனர். அவர்களுடைய எலும்புகளைச் சேகரித்துச் சுமந்துகொண்டு கொல்லம், மயிலாப்பூர் வழியாகக் கீழ்த்திசை சென்று, சீனத்துத் துறைமுகமாகிய ஜைத்தூனில் சேர்ப்பித்தார்.

இலங்கையைப் பற்றி அவர் கூறுவது கேட்கத்தக்கது. அங்கே பெரியதொரு மலை உண்டு. ஆதாம் தன் மகனை நினைத்து அழுத இடம் அது என்பர். மலையிடைச் சமவெளியில் உள்ள ஏரி, ஆதாமும் ஏவாளும் சொரிந்த கண்ணீர் என்பர். இவ்வளவும் சொல்லிவிட்டு, தாம் அதை நம்பவில்லை என்கிறார் அடிகள். நீர் நிலத்திலிருந்து இயல்பாக ஊறுவதைக் காரணமாகக் காட்டுகிறார். அற்புதங்களையே விரும்பிக் கேட்ட அக்காலத்தில், ஒரு துறவி இவ்வாறு சொன்னது சிறிய காரியமன்று.

அந்நீரின் அடியில் மணிக்கற்கள் கிடந்தனவாம், அட்டைகளும் நிறைந்திருந்தனவாம். அரசன் அக்கற்களைத் தனக்கென எடாமல், தன் ஆன்ம நலத்தின் பொருட்டு ஆண்டில் ஓரிரு முறை ஏழைகளை இறங்கித் தேட விட்டான். அவர்கள் எலுமிச்சம்பழத்தை இடித்து, அதன் சாற்றை உடலெங்கும் பூசிக்கொண்டே நீரில் இறங்கினர். மழைக்காலத்தில் கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு அட்டைக்கடியைப் பற்றி எவரும் விளக்க வேண்டியதில்லை. மன்னர்களின் பட்டங்களையும் படைகளையும் எழுதிய பயணிகள் பலர். ஏழையின் காலில் பூசிய சாற்றை எழுதியவர் அரியர்.

தாயகம் திரும்பிய அடிகள், 1330 மே மாதத்தில் பதுவையில் தம் பயணத்தைச் சொல்ல, சொலஞாவைச் சேர்ந்த வில்லியம் என்னும் துறவி எழுதிக்கொண்டார். 1331 ஜனவரி 14இல் ஊதினே நகரில் அடிகள் உயிர் நீத்தார். பதினான்காம் ஆசீர்வாதப்பர் என்னும் பாப்பரசர் 1755இல் அவரை முத்திப்பேறு பெற்றவர் வரிசையில் சேர்த்தார். அவருடைய உடல் ஊதினே நகரத்துக் கார்மேல் மாதா கோயிலில் வைக்கப்பட்டுள்ளது.