முகப்பில் இல்லாத பெயர்கள்

நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் உள்ள பட்லர் நூலகம் 1934-ல் திறக்கப்பட்டது. அதன் முகப்பில் ஹோமர் தொடங்கி வர்ஜில் ஈறாக எட்டுப் பெயர்கள் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. எண்மரும் ஆண்கள்.

எத்துறை பயின்றாலும் அனைவரும் கற்றாக வேண்டிய பொதுப்பாடங்களுக்குப் பெயர்பெற்றது கொலம்பியா கல்லூரி. முதல் உலகப் போர் ஓய்ந்ததும், 1919-ல் சமகால நாகரிகம் என்ற பாடம் அங்கே தொடங்கிற்று. 1937-ல் மேலைப் பேரிலக்கியங்களை வாசிக்கும் பாடம் சேர்ந்தது. பெண்கள் அக்கல்லூரியில் அனுமதிக்கப்பட்டதோ 1983-ல்தான். 1985-ல் ஜேன் ஆஸ்டின் அந்த இலக்கியப் பாடத்தில் இடம்பெற்ற முதல் பெண் எழுத்தாளரானார்.

1989-ல், பொறித்த பெயர்களுக்கு மேலே ஒரு நீண்ட பதாகை தொங்கியது. சாப்போ முதல் வர்ஜீனியா உல்ஃப் வரை, அதில் இருந்தவை எல்லாம் பெண்களின் பெயர்கள்.

இதைச் செவ்வியல் கல்வியின் மீதான வெறுப்பு என்று கொள்வோர் உண்டு. எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. பயனற்றது என்று கருதும் பாடத்தில் எவரும் இடம் கேட்டுப் போராடுவதில்லை. அந்த மாணவிகள் பொதுக்கல்வியின் மதிப்பை ஐயுறவில்லை. அதன் பொதுமையைத்தான் ஐயுற்றார்கள். ஓராண்டில் வாசிக்கக்கூடிய நூல்கள் சிலவே; ஒன்று நுழைய மற்றொன்று வெளியேற வேண்டும் என்பதும் மெய்யே. ஆகவேதான் அந்த விவாதம் ஓயாதது.

2019-ல் மீண்டும் ஒரு பதாகை. டோனி மாரிசன், மாயா ஏஞ்சலோ ஆகியோருடன் அதில் 'வெள்ளை மொழி' எழுதிய நம் ரேவதியின் பெயரும் இருந்தது. ஒரு தமிழ்த் திருநங்கையின் தன்வரலாறு, ஹோமரின் தலைக்கு மேலே.

நம் கல்லூரிப் பொதுத்தமிழ்ப் பாடநூலில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று நம் மாணவர்கள் எப்போது சண்டையிடப் போகிறார்கள்?